என் பெயரில் அவள் வேலை

நாலரை வருடம் நான் கம்ப்யூட்டரில் பெட்டி போடும் வேலை செய்தேன். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் வேலை அதுதான். எந்த நாடு என்றே தெரியாத ஒரு நாட்டின் தெருப்படம் திரையில் வரும். அதில் கார் இருந்தால் காரைச் சுற்றி ஒரு பெட்டி, ஆள் இருந்தால் ஆளைச் சுற்றி ஒரு பெட்டி, நாய் இருந்தால் நாயைச் சுற்றி. மவுஸால் இழுத்துப் பெட்டி போட்டு, உள்ளே இருப்பது என்ன என்று குறிக்க வேண்டும். டிரைவர் இல்லாமல் கார் ஓடுவதற்கு இதெல்லாம் வேண்டுமாம்.

உத்திரமேரூருக்கு வெளியே இருந்த ஒரு பழைய கல்யாண மண்டபத்தை அந்தக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. பந்தி போடும் கூடத்தில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். மணமேடையில் மேனேஜரின் மேஜை. 'மணமகள் அறை' என்று பெயின்டில் எழுதியது அழியாமல் இருந்தது, அந்த அறைக்குள் ஏதோ மெஷின்கள் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். நான் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. படிப்பு ப்ளஸ் டூ. அதுவரைக்கும் வயல், மாடு, அடுப்பு. வேற்று மனிதர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. ரேஷன் கடையில்கூட அட்டையை நீட்டிவிட்டுச் சும்மா நிற்பேன். யாரோடும் பேச வேண்டாம், திரையைப் பார்த்தால் போதும் என்றதாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

முதல் நாள் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளை எனக்கு முன்பே தெரியும். தெரியும் என்றால் முகம் தெரியும், யார் வீட்டு மருமகள் என்று தெரியும். நாங்கள் ஊர்த் தெரு. அவள் காலனி. அவளுடைய மாமியார் எங்கள் வயலுக்கு நடவுக்கு வருவார். அவளும் ப்ளஸ் டூ படித்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சூப்பர்வைசர் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்துக்கொண்டே வந்தார். சீட்டில் ஒரு எண்ணும் பாஸ்வேர்டும் இருக்கும். என் கைக்கு வந்தது பதினேழு, அவள் கைக்குப் பதினெட்டு. சுவரில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் அவள்தான்.

"மாறிட்ச்சும்மா. பதினேழு நேரா என் பேரு கீது. நீங்க பதினெட்டு."

"நீயே போய் சொல்லிடேன்."

"நானா? மொத நாளே கொற சொல்ல வந்துட்டா பாருன்னு பேரு வாங்கவா? நீங்க சொல்லுங்கம்மா. உங்கள ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க."

எழுந்து பாதி தூரம் போனேன். சூப்பர்வைசர் போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்றேன். நாளை போய், வாரம் போனது. வாரம் போனபின் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்து அப்படியே விட்டோம். சம்பளத்தில் ஒன்றும் குறையவில்லை. வருகைப் பதிவு விரல் ரேகையில், சம்பளம் எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் நான் போட்ட பெட்டியெல்லாம் அவள் பெயரிலும், அவள் போட்ட பெட்டியெல்லாம் என் பெயரிலும் சேர்ந்துகொண்டே இருந்தன.

அவளுக்குக் கண் கூர்மை. அந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஆள் முழுதாகத் தெரிய வேண்டியதில்லை. லாரிக்குப் பின்னால் ஒரு கால் தெரிந்தாலும் அங்கே ஒரு ஆள் இருப்பதாகக் கணக்கு. மறைந்திருக்கிற உடம்பையும் மனதில் வைத்து முழு உயரத்துக்குப் பெட்டி போட வேண்டும். நான் லாரியை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். அவள் தன் திரையை விட்டுவிட்டு என் பக்கம் எட்டிப் பார்ப்பாள்.

"ஏ மே, அங்க பாரு, சக்கரத்துக்குப் பின்னாடி. செருப்பு தெரியல? அந்த ஆள அடிச்சிப் போட்டுட்டுப் போறியே, பாவி."

எங்கள் பக்கத்தில் ஒத்த வயதுப் பெண்கள் 'மே' போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். சேர்ந்த இரண்டாவது மாதத்தில் அவள் 'ம்மா'வை விட்டு 'மே'க்கு வந்துவிட்டாள். எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. நான் ஊறுகாய் கொண்டுபோவேன், அவள் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவாள். என் தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துக் குடிப்பாள். கூச்சம் பிடித்த எனக்கு அந்தக் கூடத்தில் அவளோடு மட்டும் பேச்சு ஓயாது. ஆனால் சாயங்காலம் பஸ்ஸை விட்டு எங்கள் நிறுத்தத்தில் இறங்கியதும், "வரேம்மா" என்று சொல்லிவிட்டுக் காலனிப் பாதையில் திரும்பிவிடுவாள். அங்கே டீக்கடையில் எங்கள் தெரு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பஸ்ஸுக்குள் 'மே', பஸ்ஸுக்கு வெளியே 'ம்மா'. வேண்டாம், எங்கேயும் ஒரே மாதிரி கூப்பிடு என்று நான் ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை.

மாதம் ஒரு தடவை மதிப்பெண் பட்டியல் ஒட்டுவார்கள். பதினெட்டாம் எண் எப்போதும் முதல் மூன்றுக்குள் இருக்கும். பதினேழு நடுவில் எங்காவது கிடக்கும். சூப்பர்வைசர் என் நாற்காலிப் பக்கம் வந்து "சூப்பர்க்கா" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவள் மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளுவாள்.

"என்னா அடக்கம், என்னா அடக்கம். மாலைய கொண்டாந்து போடவா மே? என் பேர வாங்கித் தின்ற இல்ல, நாளைக்கி ரெண்டு கரண்டி ஊறுகா சேத்து எடுத்துக்கினு வா."

எடுத்துப் போவேன். எங்களுக்கு அது நாலரை வருடமும் பழசாகாத விளையாட்டு.

பிறகு படங்கள் வருவது குறைந்தது. காலையில் பத்து இருபது வரும், மத்தியானத்துக்கு மேல் வெற்றுத் திரை. ஒரு வாரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரையும் மணமேடைக்கு எதிரே நிற்கச் சொன்னார்கள். மேடையில் டிவி வைத்து, அதில் ஒரு பெண் இங்கிலீஷில் பேசினார். நல்ல முகம். வருத்தமாகத்தான் பேசினார். அவர் பேசி முடித்ததும் மேனேஜர் தமிழில் இரண்டே வரி சொன்னார். இனி இந்தப் பெட்டியை மெஷினே போட்டுக்கொள்ளும், நாம் இத்தனை வருடம் போட்டுக் காட்டியதைப் பார்த்து அது கற்றுக்கொண்டுவிட்டது. மாத முடிவோடு சென்டரை மூடுகிறார்கள்.

அவள்தான் என் காதோரம் சொன்னாள்: "மருமவளுக்கு சமைக்கக் கத்துக்குட்த்துட்டு மாமியாரு பட்னி கெடந்த கதையா பூட்ச்சே மே."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தபின் பாரம் தூக்க முடியாதவர். மகள் நர்சிங் படிப்பில் முதல் வருடம். அந்த வீட்டில் மாதா மாதம் வருகிற சம்பளம் அவளுடையது ஒன்றுதான்.

வேலை தேடி இரண்டு பேரும் சேர்ந்தே அலைந்தோம். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில், முப்பது வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்று செக்யூரிட்டியே திருப்பி அனுப்பினார். "முப்பதுக்கு மேல வயிறு பசிக்காதா தம்பி?" என்று அவள் கேட்டாள். அவரும் பாவம், சிரித்தார். காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வாடிக்கையாளரிடம் பேசிக் காட்டச் சொன்னார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள்தான் முன்னால் வந்தாள்.

"இந்தக்காவுக்குப் பேச வராது சார். ஆனா கைல குடுத்த வேல ஒண்ணு தப்பாது. எடுத்தா ரெண்டு பேரையும் எடுங்க சார்."

ஒருவர் போதும், நீங்க வாங்க என்று அவளை மட்டும் கேட்டார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "நாள் பூரா நின்னுக்கினே கெடக்கணும். அதெல்லாம் ஒரு வேலையா?" என்றாள். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அந்தக் கடையைத் திட்டிக்கொண்டே வந்தாள். எனக்காகத்தான் விட்டாள் என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

மூன்றாவது மாதம் பழைய சூப்பர்வைசரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. ராஜகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகம். ஸ்கேன் செய்த காகிதங்களில் பெயர் எங்கே, தேதி எங்கே என்று பார்த்துக் குறிக்கிற வேலை. எங்கள் சென்டரின் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து இரண்டு பேரை எடுக்கிறார்கள்.

"பதினெட்டு நீங்கதானக்கா? டெஸ்ட்கூட வேணாமாம். நேர்ல ஒருதபா பாத்துட்டு சேத்துப்பாங்க."

"சார்..." என்றேன்.

"சொல்லுங்கக்கா."

"ஒண்ணுமில்ல சார்."

அன்று சாயங்காலமே ஆள் நடமாட்டம் இல்லாத ஏரிக்கரையில் அவளைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். மறைக்க வேண்டும் என்று அப்போது எனக்கு எண்ணமே இல்லை. அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"நீ போ மே. போய் அவங்ககிட்ட உள்ளது சொல்லு. நம்பரு மாறிட்ச்சி, அந்த மார்க்கு அவளுதுன்னு சொல்லு. ரெண்டு பேருக்கும் எடம் இருந்தா ரெண்டு பேரும் போலாம்."

"நீயும் வந்து சொல்லேன்."

"நான் சொன்னா? அடுத்தவ வேலைய புடுங்க வந்து பொய் சொல்றான்னுவாங்க. இது நீ சொன்னாதான் மே எடுபடும். உன் பேர்ல கீது. நீதான் சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

போக வேண்டிய நாளில் அவளும் கூட வந்தாள். நான் சொன்னதும் உடனே கூப்பிட்டால் கையில் இருக்கட்டும் என்று மார்க்‌ஷீட், ஆதார் எல்லாவற்றையும் துணிக்கடைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தாள். மகள் வாங்கித் தந்த புதுச் செருப்பு போட்டிருந்தாள், சிவப்பு வார். காஞ்சிபுரத்தில் பஸ் மாறி ராஜகுளத்தில் இறங்கினோம். அலுவலக வாசலில் அவளை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் மரியாதையாகப் பேசினார்கள். எத்தனை வருடம் வேலை, வீடு எங்கே, பஸ் வசதி உண்டா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நடுவில் இருந்த அம்மா என் மதிப்பெண் காகிதத்தைப் பார்த்தார். "மறைஞ்சிருக்கிற ஆளைக்கூட விடாம பிடிச்சிருக்கீங்க. இந்த மாதிரிக் கண்ணுதான் எங்களுக்கு வேணும்" என்றார்.

அவருக்குப் பின்னால் கண்ணாடி ஜன்னல். வெளியே ஒரு வேன் நின்றது. வேனுக்கு அந்தப் பக்கம் நிழலில் யாரோ நிற்கிறார்கள், ஆள் தெரியவில்லை. சக்கரத்துக்குக் கீழே இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது, சிவப்பு வார் செருப்பு.

"நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார் அந்த அம்மா.

"இல்லைங்க" என்றேன்.

கூச்சம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். என்னைத் தெரிந்த யாரும் நம்புவார்கள். ஆனால் அன்றைக்கு எனக்குக் குரல் இருந்தது. அதற்கு முன்னால் கேட்ட அத்தனை கேள்விக்கும் அது ஒழுங்காக வந்தது. சொன்னால் அவளை எடுத்துக்கொண்டு என்னை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். எனக்கும் வேலை வேண்டியிருந்தது, அது பொய்யில்லை. இரண்டு போகம் தண்ணீர் இல்லாமல் போயிருந்தது. ஆனாலும் எங்கள் வீட்டில் நெல் இருந்தது. நிலம் இருந்தது.

வெளியே வந்தேன். வாசலில் நாலைந்து ஜோடி செருப்பு கிடந்தது. என் செருப்பை நான் வெகு நேரம் தேடினேன். அது கண்ணெதிரேதான் கிடந்தது. நிமிரும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சொன்னியா மே?"

"சொன்னேன். பாத்துட்டு போன் பண்றோம்னாங்க."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "சரி வா, பஸ் வந்துடும்" என்றாள். அந்தப் பிளாஸ்டிக் கவரை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டாள். வழியெல்லாம் மகள் ஹாஸ்டலில் சாம்பார் தண்ணீராக ஊற்றுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபின் ஒரு தடவை போனில் கேட்டாள், ஏதாவது சொன்னார்களா என்று. இன்னும் இல்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. ஜவுளிக்கடைக்குப் போய்ப் பார்த்தாளாம், அங்கே வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். மசாலா பேக்கிங் கம்பெனிக்குக் கொஞ்ச நாள் போனாள், தும்மலும் மூச்சிரைப்பும் வந்து நின்றுவிட்டாள். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. எனக்குக் காலையில் ஆறரைக்குப் பஸ். அவளைப் பார்க்க முடியாததற்கு அது ஒரு நல்ல காரணமாக இருந்தது.

புது இடத்தில் என் எண்ணும் என் வேலையும் ஒன்றுதான். முதல் மாதப் பட்டியலில் நான் நடுவில் இருந்தேன். இரண்டாவது மாதமும் நடுவில். அந்த அம்மா ஒரு நாள் கூப்பிட்டு, "உடம்பு ஏதாவது சரியில்லையா? பழைய மாதிரி வரலையே" என்று கேட்டார். கண் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். அக்கறையாகத்தான் சொன்னார். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் காதில் ஒயரை மாட்டிப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் மழை பரவாயில்லை. ஏரி நிரம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வயலில் நடவு. பத்து மணிக்கு நடவாட்களுக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். தூக்கில் டீ, ஒரு கையில் பேப்பர் கப் கட்டு. பேப்பர் கப் வந்த பிறகு எங்கள் ஊரில் எந்த டம்ளரை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு இல்லை. எல்லாருக்கும் நல்லதாகப் போயிற்று என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

வரப்பில் தூக்கை வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். எட்டுப் பெண்கள் சேற்றிலிருந்து ஏறி வந்தார்கள். ஏழாவதாக அவள் வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. மாமியாருக்கு முடியாததால் அவருக்குப் பதில் வந்திருக்கிறாள்.

"நல்லா கீறீங்களாம்மா?" என்றாள்.

சுற்றி யாராவது ஆண்கள் இருக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் அந்தக் கோடியில் மடை பார்த்துக்கொண்டிருந்தார். மற்றப் பெண்கள் தள்ளி உட்கார்ந்து பேச ஆரம்பித்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம். அப்படியும் 'ம்மா'தான்.

கப்பில் டீயை ஊற்றி நீட்டினேன். அவள் விரலில் கொஞ்சம் சிந்திவிட்டது. அவள் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மவ எப்படி இருக்கா?"

"படிக்கிறாம்மா. லீவுல ஒரு ஆஸ்பத்திரில ஆயா வேலைக்கிப் போறா. சமாளிக்கிது."

"அன்னிக்கி..." என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "அன்னிக்கி உள்ள நான் ஒண்ணுமே சொல்லல."

அவள் டீயை ஊதிக் குடித்தாள். முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்மா."

"எப்போலேர்ந்து?"

"நீங்க வெளிய வரும்போதே தெரியும். சொல்லியிருந்தா என்னைத் தேடிக்கினு வந்திருப்பீங்க. நீங்க செருப்ப இல்ல தேடிக்கினு இருந்தீங்க."

ஊறுகாய் கொண்டுவந்திருந்தேன். இவள் வருவாள் என்று தெரியாது, எல்லாருக்கும் மத்தியானச் சோற்றுக்கென்று கொண்டுவந்தது. டப்பாவைத் திறந்து காட்டினேன். "அவங்களுக்குக் குடுங்கம்மா. எனக்கு இப்பல்லாம் காரம் ஒத்துக்கல" என்றாள். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். காலிக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் பார்த்தாள்.

"இத எங்கம்மா போடறது?"

கையை நீட்டினேன். அதற்குள் அவள் வரப்போரம் கிடந்த உரச்சாக்கைப் பார்த்துவிட்டாள். கப்பை அதில் போட்டுவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

நடவு நடுகிறவர்கள் பின்பக்கமாக நகர்ந்தபடிதான் நடுவார்கள். வரிசை நான் நின்ற வரப்பிலிருந்து தொடங்கியிருந்தது. அதனால் அவள் முகம் என் பக்கம்தான் இருந்தது. குனிந்தபடி, நாற்றைக் கிள்ளிக் கிள்ளி ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனாள். அவள் நட்ட வரிசை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. மடையிலிருந்து திரும்பி வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கோடில நடறது யாரு? நல்ல கை" என்றார்.

யார் என்று சொன்னேன். கேட்ட உடனே, சத்தமாகவே சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் காலித் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.